ஒட்டங்கரை வளைவு

பெட்டியில் எட்டு வளைவுத் துண்டுகள் இருந்தன. எட்டையும் பூட்டினால் ஒரு வட்டம். நடுவில் நேர்த்துண்டுகளைச் செருகினால் வட்டம் நீண்டு கொழுக்கட்டை மாதிரி ஆகும். அதைத் தவிர வேறு வடிவம் அந்த ரயிலுக்குத் தெரியாது.

ஆவுடையப்பன் அறந்தாங்கி போர்டு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கோடை விடுமுறையில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டுக்குச் சுவரில் சித்திரம் எழுதப் போனபோது, பரணில் கிடந்த அந்தப் பெட்டியைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ரங்கூனிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்தது. கறுப்பு எஞ்சின் ஒன்று, பச்சை வண்டிகள் மூன்று. எஞ்சினின் விலாவில் சாவியைத் திருகினால் கடகடவென்று ஓடும்.

நேர்த்துண்டுகள் போதாமல் தகரக்கடையில் கொடுத்துக் கூடுதலாகச் செய்துகொண்டார். நேராக இருப்பதால் அவை சரியாக அமைந்தன. வளைவுத் துண்டுகளையும் இன்னும் கொஞ்சம் நெருக்கி வளைத்துச் செய்யச் சொன்னார். அதுதான் நடக்கவில்லை. பெட்டியோடு வந்த வளைவில் எஞ்சின் எத்தனை வேகமாகப் போனாலும் தடம் புரளவில்லை. தகரக்கடை வளைவில் கவிழ்ந்தது. சாவியைப் பாதி மட்டும் திருகி மெதுவாக விட்டால் சில சமயம் தப்பித்துப் போனது. சில சமயத்தை நம்பிப் பத்துப் பேருக்கு முன்னால் ரயில் விட முடியாது. தகரக்கடை வளைவுகளைக் கட்டி மூலையில் போட்டார்.

அந்த வருஷம், 1938-இல், அறந்தாங்கி ஆடித் திருவிழாவோடு ஒரு பொருட்காட்சியும் வைப்பதாக இருந்தது. மாட்டுத் தீவனம், நாற்றங்கால் முறை, தறி நெசவு, பெண்கள் தைத்த மணிப்பை. இவற்றுக்கு நடுவில் ஒரு ரயில் ஓடினால் கூட்டம் சேரும் என்று விழாக் கமிட்டித் தலைவர் முத்துராமன் அம்பலம் நினைத்தார். அவர் ஒட்டங்கரைக்காரர். அறந்தாங்கியிலிருந்து கிழக்கே மணமேல்குடி போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். அறந்தாங்கியோடு நின்றுவிட்ட ரயிலைக் கடல்வரை கொண்டுபோகப் போகிறார்கள் என்று வெகுகாலமாகப் பேச்சு. தேர்தல் வரும்போது பேச்சு கொஞ்சம் உரக்கக் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். உப்புக்கும் கருவாட்டுக்கும் ரயில் வந்தால் ஊரே மாறிவிடும் என்பது எல்லாருடைய எண்ணமும்.

"அறந்தாங்கி டேசன்லேர்ந்து மணமேல்குடி வரைக்கும் போடுங்க வாத்தியாரே" என்றார் அம்பலம். "நடுவுல எங்க ஊரு. வெறும் பொம்ம ஊரு வேணாம். நெசமான ஊரு. ஒவ்வொரு வீடும் இருக்கணும். நம்ம வீடு டேசனுக்குப் பக்கத்துல முன்னால தெரியணும்."

பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு பெரிய கரும்பலகைகளைப் படுக்கவைத்து இணைத்து, அதன்மேல்தான் எல்லாம் எழும்பியது. ஒரு கோடியில் அறந்தாங்கி ஸ்டேஷன்; தீப்பெட்டி அட்டையில் செய்து சிவப்புச் சாயம் பூசியது. மறு கோடியில் கடல். நீலத்துக்குப் பக்கத்தில் உப்பளத்துக்காக நிஜமான உப்பையே தூவினார். கடலுக்குச் சற்று முன்னால், ரயில் திரும்புகிற இடத்தில் ஒட்டங்கரை.

ஊரை அளப்பதற்காக ஆவுடையப்பன் பல நாட்கள் சைக்கிளில் போய்வந்தார். பள்ளிக்கூடத்து அளவு நாடா, நாலு மூங்கில் குச்சி, குடை, தலையில் வெயிலுக்காக ஒரு தொப்பி. முதல் நாளே ஊர் முடிவு செய்துவிட்டது. குச்சி நட்டு, நாடா பிடித்து, காகிதத்தில் கோடு போடுகிற மனிதன் சர்வேக்காரனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? "சர்வே ஐயா" என்று கூப்பிட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷமாக வாத்தியார் என்று மட்டுமே கூப்பிடப்பட்ட ஆவுடையப்பன், முதல் இளநீரைக் குடிக்கும்போது மறுத்துச் சொல்ல நினைத்தார். இரண்டாவதைக் குடிக்கும்போது நினைக்கவில்லை.

ஊரின் வடகோடியில் கடைசி வீடு மருதாயியுடையது. ஓலைக்கூரை, மண்சுவர், பின்னால் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் கொல்லை. புருஷன் காலராவில் போய் ஆறேழு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. வீட்டை அளந்தபோது நாடாவின் மறுமுனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள். "சரியாப் பிடிச்சிருக்கேனா சாமி?" என்று கேட்டாள். சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

கிணறும் கொல்லையும் அவளுடைய கொழுந்தன் ஆண்டியப்பனின் வயலுக்கு ஒட்டினாற்போல் இருந்தன. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் செத்தபின் அது மருதாயியிடம் வந்தது. அவள் இருக்கிறவரை அவளுக்கு. அவள் காலத்துக்குப் பிறகு ஆண்டியப்பனுக்கு. சட்டம் அப்படி. ஆனால் அவளுக்கு நாற்பது வயதுதான் ஆகியிருந்தது, ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுத்தவளும் இல்லை. ஆண்டியப்பன் அவளைவிட மூன்று வயதுதான் இளையவன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அம்பலம் வந்து பார்த்தார். வீடுகளெல்லாம் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிக் காய்ந்திருந்தன. தன் வீடு கோயிலுக்குப் பின்னால் மறைந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "முன்னால கொண்டாங்க" என்றார். முன்னால் கொண்டுவர, கோயிலை நகர்த்த வேண்டியிருந்தது. கோயிலை நகர்த்த, அதற்கு வடக்கே இருந்த வரிசை முழுவதும் மேலே தள்ளியது. எல்லாம் முடிந்து தண்டவாளத்தைப் பொருத்தியபோது, பெட்டியோடு வந்த வளைவு நேராக மருதாயியின் வீட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

மறுபடி எல்லாவற்றையும் பெயர்க்க நேரமில்லை. ஆவுடையப்பன் பேனாக்கத்தியை அடியில் விட்டு அந்த ஒரு வீட்டை மட்டும் நெம்பி எடுத்தார். அந்த இடத்தில் தண்டவாளம் போயிற்று.

*

பொருட்காட்சியைத் தாசில்தார் திறந்துவைத்தார். டவாலி போட்ட சேவகன் ரயில் கொட்டகை வாசலில் நின்றான். தாசில்தார் அரை நிமிஷம் எஞ்சினைப் பார்த்து, "குட்" என்று சொல்லிவிட்டு, மாட்டுத் தீவனத்தைப் பார்க்கப் போனார். ஒட்டங்கரைக்காரர்களுக்கு அது போதும். சர்வே முடிந்துவிட்டது, தாசில்தார் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார்.

கொட்டகையில் கூவி ஆள் சேர்க்கிற வேலை பிச்சை என்பவனுக்கு. டூரிங் கொட்டகையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு திரிந்தவன். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "அறந்தாங்கி விட்டது! மணமேல்குடி தொட்டது! உக்காந்தவன் எழுந்திரிக்கிறதுக்குள்ள உப்புக்காத்து!" என்று முழங்கினான்.

"ஏன்டா பிச்சை, போன ரயிலு ஏன் திரும்பி வருது?" என்றார் ஒரு கிழவர்.

"போனா திரும்ப வேணாமா தாத்தா? மாமியா வீட்டுக்குப் போனா அங்கயேவா கெடப்பீக?"

ஒட்டங்கரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ரயிலை ஒருமுறை பார்த்தார்கள். அப்புறம் யாரும் ரயிலைப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டைத் தேடினார்கள்.

"அந்தா என் வைக்கப்போரு!" என்று கத்தினாள் செவந்தி. மருதாயிக்கு அடுத்த தெருக்காரி. "ஏக்கா, வைக்கப்போரு கூட இருக்குக்கா! சரிஞ்சு கெடக்குறதக்கூட அப்படியே வச்சிருக்காக பாரு!"

"ஒம்புருசன் சரியாப் போரு போடலன்னு சர்க்காருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றான் பிச்சை.

மருதாயி குனிந்து, விரலால் தொடாமல் காற்றிலேயே தெருவைப் பின்பற்றிக்கொண்டு போனாள். "கோயிலு. கோயிலுக்கு வடக்கால அய்யாக்கண்ணு வீடு. அதுக்கும் வடக்கால நான்." அவள் விரல் நின்ற இடத்தில் ரயில் கடகடவென்று ஓடிப் போயிற்று. விரலை இழுத்துக்கொண்டாள். ரயில் போனதும் மறுபடி கோயிலிலிருந்து ஆரம்பித்தாள்.

"என் வீட்டக் காணமே" என்றாள்.

"நல்லாப் பாருக்கா, அங்கிட்டு இருக்கும்."

"அங்கிட்டு ஊரணியில்ல இருக்கு. எல்லார் வீடும் இருக்கு. என் வீட்ட மட்டும் காணோம்."

கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது. பிச்சை எட்டிப் பார்த்துவிட்டுக் குழாயை வாயில் வைத்தான். "ஆத்தா, ஒன் வீட்டு மேலதான் வண்டி போகுது! டிக்கெட்டு வாங்காமயே ஏறிக்கலாம், குடுத்துவச்ச மகராசி!"

சிரித்தார்கள். மருதாயியும் முதலில் சிரித்தாள். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்து, "சாமி, நீங்கதான வந்து அளந்தீக. அப்ப என் வீடு?" என்றாள்.

அவர் எஞ்சினுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எடம் பத்தல ஆத்தா" என்றார்.

அவர் சொன்னது பலகையை. கேட்ட எல்லாரும் பூமியை நினைத்தார்கள். கூட்டத்தில் பின்னால் நின்ற ஆண்டியப்பன் ரயிலைப் பார்க்கவில்லை. தண்டவாளம் வளைகிற இடத்தையும், அதற்கு அந்தப் பக்கம் பச்சைச் சாயத்தில் இருந்த தன் வயலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மறுநாள் காலையிலேயே ஆண்டியப்பன் மருதாயி வீட்டுக்கு வந்தான். எப்போதும் வாசலில் நின்று பேசுகிறவன் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ராத்திரி பூரா தூக்கமில்ல மதினி. அண்ணன் கட்டுன வீடு."

"தூங்காம இருந்து என்ன செய்றது தம்பி? சர்க்காரு எடுத்தா அதுக்குத் துட்டு குடுக்க மாட்டானா?"

"குடுப்பான். யாருக்குக் குடுப்பான்? ஒங்களுக்கு இருக்குறது ஒங்க காலம் வரைக்கும் இருந்துக்கிற பாத்தியம். முழுப் பாத்தியம் யாருக்குன்னு கேப்பான். பட்டுக்கோட்ட போ, தஞ்சாவூரு போம்பான். ஒரு பொம்பள கச்சேரி கச்சேரியா ஏறி நிக்க முடியுமா? நின்னாத்தான் ஊரு சும்மா இருக்குமா?"

மருதாயி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா முழுப் பாத்தியமும் என் பேருக்கு வந்துரும். அப்புறம் நான் பாத்துக்கிறேன். வக்கீல வச்சு அந்த ரயிலையே அங்கிட்டுத் தள்ளிருவேன். முடியாமப் போச்சுன்னு வைங்க, சர்க்காரு குடுக்குறத வாங்கி ஒங்க கையில குடுத்துர்றேன். எங்க வீட்டுல ஒங்களுக்குச் சோத்துக்குக் கொறையா?"

"ரயிலத் தள்ள முடியுமா தம்பி?"

"ஏன் முடியாது? மனுசன் போடுறதுதான."

அவன் போனபின் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மனுஷன் போடுவதுதான் என்றால், போட்ட மனுஷனையே கேட்டுவிடலாமே. நடுவில் கொழுந்தன் எதற்கு, வக்கீல் எதற்கு? கொல்லையில் முருங்கைக்காய் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு அறந்தாங்கிக்கு நடந்தாள்.

மத்தியான வெயிலில் கொட்டகையில் கூட்டமில்லை. பிச்சை ஒரு ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். ஆவுடையப்பன் எஞ்சின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மருதாயி முருங்கைக்காயைக் கடலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு சாண் சாமி" என்றாள். "ஒரே ஒரு சாண் அங்கிட்டுத் தள்ளிப் போட்டீங்கன்னா வீடு தப்பிச்சுரும். கொல்லை போனாப் போகுது."

ஆவுடையப்பன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. "ஆத்தா, இது பொம்ம" என்றார். "சாவி குடுத்தா ஓடுது. நெசமா ரயிலு எங்கிட்டு வருமோ, வருமோ வராதோ, எனக்கு என்ன தெரியும்? நான் டிராயிங் வாத்தியாரு."

மருதாயி அவரை நன்றாகப் பார்த்தாள். "பொம்மைக்குத்தான் தாசில்தாரு வந்தாரா சாமி?"

"அவரு பொருட்காட்சிக்கு வந்தாரு."

"நாடா பிடிச்சு அளந்தீகளே. நானும்தான் பிடிச்சேன்."

"அது வீடு செய்றதுக்கு."

"அப்படீன்னா என் வீட்டையும்தான செஞ்சிருப்பீக? செஞ்சுபுட்டுப் பேத்து எடுத்தீகளா? ஏன் என் வீட்ட மட்டும் பேத்தீக?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அம்பலம் தன் வீடு முன்னால் தெரிய வேண்டும் என்றார் என்பது. ஆவுடையப்பன் வாயைத் திறந்தபோது அம்பலமே உள்ளே வந்தார். கூடவே கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரிகள் இரண்டு பேர், அவர்களுக்கு ஊரைச் சுட்டிக்காட்டிக்கொண்டு ஆண்டியப்பன், பின்னால் வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு கும்பல்.

"என்ன மருதாயி, இங்கிட்டு?" என்றார் அம்பலம்.

"ஒண்ணுமில்லீங்க. ரயில ஒரு சாண் தள்ளச் சொல்லிக் கேக்குறேன். ஏன் என் வீட்ட மட்டும் பேத்தீகன்னு கேட்டா, ஐயா பொம்மங்கிறாரு."

"சர்க்காரு உத்தியோகம் பாக்குறவுக அப்படித்தான் சொல்லுவாக மதினி" என்றான் ஆண்டியப்பன். "முன்கூட்டிச் சொன்னா அவுக வேல போயிரும்."

எல்லாருடைய கண்ணும் ஆவுடையப்பன் மேல் இருந்தது. மறுத்துச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. கருவாட்டு வியாபாரிகளில் ஒருவர் மரியாதையாகச் சற்று விலகி நின்றுகொண்டார்.

"தண்டவாளம் அதுக்கு மேல வளையாது" என்றார் ஆவுடையப்பன். அது உண்மைதான். "வளைச்சா வண்டி கவுந்துரும்."

"எங்க, வளைச்சுத்தான் காட்டுங்களேன்" என்றார் அம்பலம். "அவளும் கண்ணால பாத்துக்கிரட்டும். நாளைக்கு நான் சொல்லித்தான் அவ வீடு போச்சுன்னு பேச்சு வரக் கூடாது."

பிச்சை எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டான். குழாயை எடுத்தான். "வாங்க வாங்க! மருதாயி ஆத்தா போட்ட புது லைனு! ஒட்டங்கரைக்குக் குறுக்கு வழி!" பக்கத்துக் கொட்டகைகளில் மணிப்பையும் நாற்றங்காலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

ஆவுடையப்பன் பலகைக்கு அடியில் கட்டிப் போட்டிருந்த தகரக்கடை வளைவுகளை எடுத்தார். பழைய வளைவைக் கழற்றி, இவற்றைப் பொருத்தினார். பாதை ஒரு சாணுக்கும் கூடவே உள்ளே வந்தது. மருதாயியின் வீடு இருந்த இடம் காலியாக, பசைக் கறையோடு தெரிந்தது.

"இந்தா இருக்கே என் எடம்!" என்றாள் மருதாயி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தள்ள முடியுதே சாமி! நல்லாத்தான இருக்கு!"

அவர் எஞ்சினைக் கையில் எடுத்தார். பாதி திருகினால் மெதுவாகப் போகும். ஒருவேளை திரும்பியும் விடும். அவருக்கு அது தெரியும், அந்தக் கொட்டகையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். 'பேத்து எடுத்தீகளா' என்று அவள் கேட்டது காதில் இருந்தது. சாவியை அது நிற்கிறவரை திருகினார்.

எஞ்சின் அறந்தாங்கியிலிருந்து பாய்ந்தது. வளைவில் ஏறியதும் ஒரு பக்கச் சக்கரம் தூக்கியது. அப்படியே புரண்டு, கண்ணாடித் துண்டால் செய்த ஊரணியின் மேல் மல்லாந்து விழுந்தது. மூன்று வண்டிகளும் அதன்மேல் ஏறின. கண்ணாடி விரிசல் விட்டது. சக்கரங்கள் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

கொட்டகை அதிர்ந்தது. அதுவரை ரயில் ஓடியதற்கு இவ்வளவு சத்தம் எழுந்ததில்லை. பிச்சை மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தான். "ஐயோ, உப்பு வாங்கப் போன எம்மாமனாரே! ஒட்டங்கரை ஊரணியில முங்கிப்போனீகளே! ஒரு குடிசைக்கு ஒதுங்கப் போயி ஒடம்பக்கூடக் காணலையே!" கருவாட்டு வியாபாரிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீகளா மதினி?" என்றான் ஆண்டியப்பன். "எத்தன உசுரு."

மருதாயி சிரிக்கவில்லை, அழவுமில்லை. சுற்றி ஓய்கிற சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும், "மெதுவா விட்டா?" என்றாள்.

ஆவுடையப்பனின் கை எஞ்சினை எடுக்கப் போனது, நடுவழியில் நின்றது.

"இன்னொரு தரம் விடுங்க சாமி. மெதுவா. வேகமா விட்டீங்க, அதான். மாட்டு வண்டியே திருப்பத்துல பையத்தான போகும்?"

"இது மாட்டு வண்டியா?" என்றார் அம்பலம். "மெட்ராசு போற ரயிலு ஒன் வீட்டுக்கிட்ட வந்ததும் மெதுவாப் போகுமா? நீ என்ன, சாமி ஊர்வலம் போற தெருவா?"

மறுபடி சிரிப்பு. அம்பலம் சிரிப்பு ஓயும்வரை இருந்து, குரலைத் தாழ்த்தினார். "மருதாயி, இது ஊருக்கு வர்ற நல்லது. நீ ஒருத்தி குறுக்க நிக்காத. நின்னா ஊரு ஒன்னய மன்னிக்காது."

"நான் குறுக்க நிக்கலீங்க" என்றாள் அவள். "வீடுதான் நிக்கிது."

ஆவுடையப்பன் எஞ்சினைத் துடைத்து வைத்துவிட்டு, பழைய வளைவுகளைத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் முதல் கூட்டம் இரண்டு பங்காயிற்று. வந்தவர்கள் ரயில் ஓடுவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பள லைனப் போடுங்க" என்று கேட்டார்கள். கமிட்டி சம்மதித்தது. ஒரு நாளைக்குப் பல தடவை மருதாயி லைன் பூட்டப்பட்டது. ரயில் ஊரணியில் விழுந்தது. பிச்சை ஒப்பாரி வைத்தான். பொருட்காட்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டித்தார்கள்.

ஒட்டங்கரையில் ஊரணிக் கரைக்கு அவள் வந்தால் பெண்கள் கடகடவென்று வாயால் சத்தம் எழுப்பினார்கள். அம்பலம் வீட்டில் நெல் குத்த ஆள் கூப்பிட்டபோது அவளை மட்டும் கூப்பிடவில்லை. அய்யாக்கண்ணு அவளிடம் நேராகவே சொன்னார்: "நீ மல்லுக்கு நின்னா ரயிலு வேற ஊரு வழியாப் போயிரும்மா. எங்க எல்லார் வாயிலயும் மண்ணு."

*

ரிஜிஸ்தர் கச்சேரியில் அவளை முன்னால் கூப்பிட்டார்கள். சப்-ரிஜிஸ்தரார் கண்ணாடியை இறக்கிவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "வீடு, கிணறு, கொல்லை எல்லாத்திலயும் உன் பாத்தியத்தை விட்டுக் கொடுக்கிறாய். மனசாரச் சம்மதமா? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?"

"கட்டாயமில்ல சாமி. ரயிலு வருது. நான் குறுக்க நிக்கக் கூடாதுல்ல."

"எந்த ரயில்?"

அவள் ஆண்டியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊருல பேசிக்கிறாக சாமி" என்றான் அவன் சிரித்துக்கொண்டு. "பொம்பளைக, காதுல விழுந்ததப் பிடிச்சுக்கிறது. சம்மதமான்னு மட்டும் சொல்லுங்க மதினி."

சப்-ரிஜிஸ்தரார் வெளியே பார்த்தார். இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"சம்மதம்" என்றாள். மையில் கட்டைவிரலை அழுத்தியது அவள் அல்ல. குமாஸ்தா பிடித்து உருட்டினார்.

அந்த வாரமே ஆண்டியப்பன் கூரையைப் பிரித்தான். உத்திரம் நல்ல வேம்பு, அதை எடுத்துக்கொண்டான். ஒரு நல்ல மழையில் மண்சுவர் கரைந்து உட்கார்ந்தது. இப்போது ஒட்டங்கரை, கொட்டகையில் இருந்த பலகையைப் போலவே ஆகிவிட்டது. அளந்து செய்தது போல என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். மருதாயிக்கு ஆண்டியப்பன் மாட்டுக்கொட்டிலின் ஒரு பக்கத்தை மறைத்துக் கொடுத்தான். சோற்றுக்கு அவன் பெண்டாட்டி கூப்பிடும்போது போக வேண்டும்.

பொருட்காட்சியின் கடைசி நாளில் ஆவுடையப்பனுக்கு அம்பலம் சால்வை போர்த்தினார். அடுத்த வருஷமும் ரயில் உண்டு, இன்னும் பெரிய பலகையில், என்று அறிவித்தார். கூட்டம் கலைந்தபின், ஆவுடையப்பன் தண்டவாளங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மருதாயி வந்து நின்றாள். அவளைக் கண்டதும் அவர் சால்வையை எடுத்துப் பெட்டிமேல் போட்டார்.

"சாமி, ரயிலு எப்ப வரும்?"

"அதெல்லாம் மேல இருக்கவுக முடிவு பண்ணணும் ஆத்தா. நாளாகும்."

"சொல்லிட்டு வருவாகளா, திடீர்னு வந்துருவாகளா?"

"சொல்லிட்டுத்தான் வருவாக."

"கொழுந்தனாரு எங்க எடத்துல வாழக்கன்னு வச்சிருக்காரு. கெணத்தத் தூர்வாரி ஏத்தம் போட்டிருக்காரு. ரயிலு வர்ற எடத்துல வாழ எதுக்கு சாமி?"

ஆவுடையப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "எடத்தச் சும்மா போட வேணாம்னு வச்சிருப்பாரு. சர்க்காரு எடுக்குற வரைக்கும்."

"சர்க்காரு எடுக்குற வரைக்கும்" என்று மருதாயி திருப்பிச் சொன்னாள். சத்தம் போடவில்லை. "அதுவரைக்கும் நான் இருந்திருக்க மாட்டேனா? எனக்கும் வாழ வைக்கத் தெரியும்."

அவர் கடைசி வளைவுத் துண்டைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் சுற்றியிருந்தது. எடுத்து மறுபடி சுற்றினார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அவள் ஒன்றும் செய்யாமல், பலகையில் காய்ந்த பசைக் கறையை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வெளியே போனாள். கொட்டிலுக்குச் சாணி அள்ள நேரமாகிவிட்டது.

வாசலில் அவளுக்கு வழிவிட்டு நின்ற ஒருவர், அவள் போகும்வரை காத்திருந்து உள்ளே வந்தார். மேற்கே ஏதோ ஊர்க்காரர், வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு மலைவாழை. பழத்தைப் பெட்டியருகில் வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சர்வே ஐயா, அடுத்த வருசம் எங்க ஊரையும் போடணும். எங்க பெரியப்பா மகன் வீடு ஒண்ணு இருக்கு. நல்ல கெணறு."

ஆவுடையப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொல்ல, நான் வாத்தியார் என்று சொல்ல, இப்போது யாரும் பக்கத்தில் இல்லை. அம்பலம் இல்லை, கூட்டம் இல்லை. பழம் நன்றாகப் பழுத்திருந்தது.

"ஊருக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.